தண்டு நிற்கும்வரை எண்ணெய் நிற்கக்கூடாது: கேஸ் டர்பைன் ஜெனரேட்டரின் லூப் ஆயில் அமைப்பு

முழு லோடில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கேஸ் டர்பைனுக்கு வெளியே மின்கட்டமைப்பான கிரிட் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மெஷினைத் தானாக நிறுத்தும் ட்ரிப் சிக்னல் வந்த ஒரு நொடிக்குள் எரிவாயு வால்வு மூடிக்கொள்ளும், நெருப்பு அணையும். தண்டு மட்டும் அடங்காது. ஜிஇ நிறுவனத்தின் ஃப்ரேம் 6பி ரகத்தில் அது நிமிடத்துக்கு 5163 சுற்று வேகத்தில் இருக்கிறது. அந்தப் பல டன் இரும்பு தன் வேகத்தைத் தானே தின்று தீர்த்து நிற்கப் பல நிமிடங்கள் ஆகும். அத்தனை நிமிடமும் தண்டைத் தாங்கும் ஒவ்வொரு பேரிங்குக்கும் எண்ணெய் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் நிலையத்தில் அப்போது ஏசி மின்சாரமே இல்லை.

லூப் ஆயில் அமைப்பில், அதாவது மசகு எண்ணெய் அமைப்பில், உள்ள டேங்க், பம்ப், வால்வு, ஸ்விட்ச் எல்லாவற்றையும் இந்தச் சில நிமிடங்களை மனதில் வைத்துப் பார்த்தால்தான் அவை ஏன் இப்படி அமைந்திருக்கின்றன என்று புரியும். ஓடும்போது இந்த அமைப்பு பெரும்பாலும் தன் பாட்டுக்கு ஓடும். மாட்டிக்கொள்வது நிற்கும்போதுதான்.

எண்ணெய் அங்கே என்ன செய்கிறது

வழுக்குவதற்காக எண்ணெய் என்பது பாதி உண்மை. பெரிய கேஸ் டர்பைன்களில் இருப்பது பந்து பேரிங் இல்லை. இரும்பு ஓட்டின் உட்புறத்தில் பேபிட் என்ற வெள்ளீயக் கலவை பூசிய ஜர்னல் பேரிங். ஏறக்குறைய 89 சதவீதம் வெள்ளீயம், மீதி ஆன்டிமனியும் செம்பும் என்பது பரவலான ஒரு கலவை. தண்டைவிடப் பேரிங்கின் உள்விட்டம் சற்றுப் பெரிது. 200 மில்லிமீட்டர் தண்டுக்கு 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி என்பது பொதுவான கணக்கு. தண்டு சுழலும்போது எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய், அடியில் குறுகிக்கொண்டே வரும் இடுக்கில் திணிக்கிறது. அங்கே பல பத்து பார் அழுத்தம் உருவாகித் தண்டையே தூக்கிவிடுகிறது. அந்தப் படலத்தின் தடிமன் பெரும்பாலும் 25 முதல் 50 மைக்ரான், நம் தலைமுடியைவிட மெல்லியது. ஓடும்போது இரும்பும் பேபிட்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

இதில் ஒரு விஷயத்தைப் புதிதாக வேலைக்கு வருபவர்கள் பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாப் பேரிங்குக்கும் எண்ணெயைப் பிரித்துத் தரும் பொதுக் குழாயான பேரிங் ஹெடரில் இருக்கும் அழுத்தம் சுமார் 1.7 பார், பழைய கேஜில் 25 பிஎஸ்ஐ. இவ்வளவு குறைந்த அழுத்தம் எப்படி அந்தத் தண்டைத் தாங்கும்? அது தாங்குவதே இல்லை. தாங்குவது சுழற்சி உண்டாக்கும் அழுத்தம். ஹெடரின் வேலை பேரிங் வாசலில் எண்ணெய் குறையாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. ஆகவே வேகம் இருக்கும்வரை படலம் இருக்கும், வாசலில் எண்ணெய் இருந்தால். வேகம் மிகவும் குறைந்தால் எண்ணெய் இருந்தும் படலம் மெலியும். பெரிய மெஷின்களில் நிற்கும் நேரத்திலும் கிளம்பும் நேரத்திலும் தண்டை அடியிலிருந்து நூறு பார், அதற்கும் மேல் அழுத்தத்தில் தூக்கிப் பிடிக்கும் லிஃப்ட் ஆயில் பம்ப் தனியாக இருப்பது அதனால்தான்.

இரண்டாவது வேலை வெப்பத்தைச் சுமப்பது. எண்ணெயின் பெரும்பகுதி இதற்காகவே ஓடுகிறது என்றால் மிகையில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 1500 லிட்டர் எண்ணெய் பேரிங்குகளுக்கும் கியருக்கும் போய் 15 டிகிரி கூடுதல் சூட்டோடு திரும்புகிறது. அடர்த்தி லிட்டருக்கு 0.86 கிலோ, வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு 2 கிலோஜூல் என்று வைத்தால் 645 கிலோவாட் வருகிறது. நூறுக்கும் மேற்பட்ட ஒன்றரை டன் ஏசிகள் சேர்ந்து இறைக்கும் வெப்பம் இது. ஃப்ரேம் 6பி-யில் 5163 சுற்றை 3000 சுற்றாகக் குறைக்கும் லோட் கியர் வேறு இருக்கிறது. 40 மெகாவாட் கடத்தும் கியரில் ஒரு சதவீதம் இழப்பு என்றாலே 400 கிலோவாட் எண்ணெயில்தான் வந்து சேரும்.

மூன்றாவது வேலையைப் பெயர்ப்பலகை சொல்வதில்லை. இதே எண்ணெயைத்தான் ஒரு சிறு பம்ப் எடுத்து நூறு பார் அளவுக்கு ஏற்றி, எரிவாயு வால்வுகளையும் கம்ப்ரஸர் வாசலில் உள்ள ஐஜிவி இதழ்களையும் அசைக்கும் ஹைட்ராலிக் எண்ணெயாக ஆக்குகிறது. ட்ரிப்பின்போது எரிவாயு வால்வை மூடவைக்கும் ட்ரிப் ஆயிலும் இதுவே. ஹைட்ரஜனால் குளிர்விக்கும் ஜெனரேட்டராக இருந்தால் ஹைட்ரஜன் வெளியேறாமல் தடுக்கும் சீல் ஆயிலும் இதே குடும்பம். பேரிங்குக்குப் போதுமான அளவு சுத்தமாக இருக்கும் எண்ணெய், மின் சிக்னலுக்கு ஏற்ப ஹைட்ராலிக் எண்ணெயைத் திருப்பிவிடும் சர்வோ வால்வுக்குப் போதாமல் போகும் இடம் இது. பின்னால் வார்னிஷ் பற்றிப் பேசும்போது இங்கே திரும்பி வருவோம்.

எண்ணெய் போகும் பாதை

ஃப்ரேம் 6பி-யில் எண்ணெய் டேங்க் மெஷினின் அடித்தளச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது, கொள்ளளவு சுமார் 6400 லிட்டர். பம்ப், எண்ணெயை ஒரு திசையில் மட்டும் விடும் செக் வால்வு, கூலர், ஃபில்டர், அழுத்தச் சீராக்கி, பேரிங் ஹெடர், பேரிங்குகள், டிரெயின் குழாய், மறுபடி டேங்க் என்பதே வட்டம். ஒவ்வொரு பேரிங் வாசலிலும் ஒரு ஆரிஃபிஸ் தட்டு இருக்கும். அந்தப் பேரிங்குக்கு எவ்வளவு எண்ணெய் என்பதைத் தீர்மானிப்பது அதன் துளை. ஓவர்ஹாலில் இரண்டு ஆரிஃபிஸ்கள் இடம் மாறிப்போய்விட்டால் மெஷின் ஓடும், அலாரமும் வராது. ஒரு பேரிங்கின் டிரெயின் மட்டும் பழைய அளவைவிட ஏழெட்டு டிகிரி சூடாகவும், இன்னொன்று விநோதமாகக் குளிர்ச்சியாகவும் இருக்கும். எல்லாப் பேரிங்கும் ஒன்றுபோலச் சூடேறினால் கூலரையும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டு வால்வையும் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் ஏறினால் ஆரிஃபிஸ், அலைன்மென்ட், அந்தப் பேரிங் என்ற வரிசையில் தேட வேண்டும்.

ஹெடரில் எண்ணெய் 54 டிகிரி அளவில் போவது வழக்கம். 74-ல் அலாரம், 80-ஐ ஒட்டி ட்ரிப் என்பது இந்த ரக மெஷின்களில் பரவலான அமைப்பு. பெரும்பாலும் பயன்படுவது ஐஎஸ்ஓ விஜி 32 எண்ணெய். 40 டிகிரியில் அதன் பிசுக்கு 32 சென்டிஸ்டோக், பத்து சதவீதம் முன்னே பின்னே. 55 டிகிரிக்கு வரும்போது அதன் பிசுக்கு ஏறக்குறைய பாதியாகிவிடும். எண்ணெய் சூடேற ஏறப் படலம் மெலியும், மெலிந்தால் இன்னும் சூடேறும். ட்ரிப் எல்லை அவ்வளவு இறுக்கமாக வைக்கப்பட்டிருப்பதன் காரணம் இதுதான். பேபிட் சுமார் 240 டிகிரியில் உருகத் தொடங்கும், ஆனால் அதற்கு வெகு முன்பே இளகி வழித்துக்கொண்டு போய்விடும்.

எதிர்ப்பக்கத்திலும் எல்லை உண்டு. எண்ணெய் குளிர்ந்து பிசுக்கு 173 சென்டிஸ்டோக்கைத் தாண்டினால் ஸ்டார்ட் செய்யக்கூடாது என்பது ஜிஇ-யின் விதி. நம் கடலோர நிலையங்களில் அந்த நிலைமை வராது. ஆனாலும் டேங்க் ஹீட்டரை வீண் என்று கழற்றிப் போடக்கூடாது. நின்றிருக்கும் மெஷினின் டேங்கில் ஈரக்காற்று வேர்த்து நீராவதைத் தடுப்பது அந்த ஹீட்டர்தான். வழுதூர், குத்தாலம் போன்ற இடங்களின் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

ஃபில்டரும் கூலரும் இரண்டிரண்டாக இருக்கும். ஒன்று வேலையில், மற்றொன்று காத்திருப்பில், நடுவே ஒரு டிரான்ஸ்ஃபர் வால்வு. ஃபில்டர் துளை பெரும்பாலும் 5 மைக்ரான், அழுத்த வேறுபாடு 1 பாரைத் தொட்டால் அலாரம். ஓடும் மெஷினில் ஃபில்டர் மாற்றுவது சாதாரண வேலைதான். ஆனால் தேவையில்லாத ட்ரிப்களில் ஒரு நல்ல பங்கு இங்கேயிருந்துதான் வருகிறது. காத்திருக்கும் ஃபில்டர் கூட்டுக்குள் காற்று இருக்கிறது என்பதை மறந்து டிரான்ஸ்ஃபர் வால்வைச் சட்டென்று திருப்பினால், அந்தக் காற்றுப் பொதி நேராக ஹெடருக்குப் போகும், அழுத்தம் விழும், மெஷின் விழும்.

முதலில் இரண்டு கூடுகளையும் இணைக்கும் சிறிய சமன் வால்வைத் திறக்க வேண்டும். காத்திருக்கும் கூட்டின் உச்சியில் உள்ள வென்ட்டையும் திறந்துவைத்து, டேங்குக்குத் திரும்பும் சைட் கிளாஸில் குமிழி இல்லாத முழு எண்ணெய் ஓடுவது தெரியும்வரை காத்திருக்க வேண்டும். அவசரம் உதவாது, ஐந்து நிமிடமும் ஆகலாம். இரண்டு பக்க அழுத்தமும் சமமானதும் டிரான்ஸ்ஃபர் வால்வை நிறுத்தாமல் சீராக ஒரே வீச்சில் கடைசிவரை திருப்பி, ஹெடர் அழுத்தத்தைப் பார்த்து, அதன் பிறகே சமன் வால்வை மூடுவது முறை. அழுக்கு ஃபில்டரின் மூடியை அவிழ்க்கும் முன் அதன் வென்ட்டைத் திறந்து அழுத்தம் உண்மையிலேயே இறங்கிவிட்டதா என்று பார்ப்பது கட்டாயம். டிரான்ஸ்ஃபர் வால்வு சீட் தேய்ந்திருந்தால் 'மூடிய' கூட்டிலும் அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும்.

அழுத்த வேறுபாட்டு அளவைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. குளிர்ந்த எண்ணெயோடு கிளம்பும்போது வரும் உயர் அளவு பொய், எண்ணெய் சூடேறியதும் இறங்கிவிடும். ஆனால் மாதக்கணக்கில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்த அளவு ஒரு நாள் திடீரென்று இறங்கினால் நல்லது என்று நினைக்கக்கூடாது. எலிமென்ட் கிழிந்துவிட்டது, அது பிடித்து வைத்திருந்த அழுக்கெல்லாம் பேரிங்குக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

திரும்பி வரும் வழி

எல்லாரும் கவனிப்பது எண்ணெய் போகும் வழியை. கசிவும் புகையும் வருவதோ திரும்பும் வழியில். டிரெயின் குழாயில் எண்ணெய் ஈர்ப்பு விசையால் மட்டுமே வடிகிறது. குழாய் பாதிக்கு மேல் நிறையக்கூடாது, ஒரு அடிக்கு அரை அங்குலமாவது டேங்க் பக்கம் சரிந்திருக்க வேண்டும் என்பது எண்ணெய் அமைப்புகளுக்கான ஏபிஐ 614 தரத்தின் அடிப்படை. மேல்பாதி எதற்குக் காலியாக இருக்க வேண்டும்? எண்ணெயோடு காற்றும் வருகிறது. பேரிங் சீல்களுக்கு வெளியிலிருந்து கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்துத்தான் எண்ணெய் வெளியே வழியாமல் தடுக்கிறார்கள். அந்தக் காற்றில் ஒரு பங்கு உள்ளே புகுந்து எண்ணெயோடு சேர்ந்து டேங்குக்கு வரும். அதை வெளியேற்றுவது டேங்க் மேலே உள்ள, எண்ணெய்ப் புகையைப் பிரிக்கும் மிஸ்ட் எலிமினேட்டரும் அதன் ஊதியும் (ப்ளோயர்). டேங்க் எப்போதும் மிகச்சிறிய வெற்றிடத்தில், சில அங்குல நீர்மட்ட அளவில் இருக்க வேண்டும்.

அந்த வெற்றிடம் குறைந்தால், அதாவது ஊதி நின்றுவிட்டாலோ வடிகட்டி எண்ணெயில் ஊறி அடைத்துக்கொண்டாலோ, பேரிங் சீல் வழியாக எண்ணெய் வெளியே கசியும். அது போய்ச் சேரும் இடம்தான் பிரச்சினை. 6பி-யின் இரண்டாம் பேரிங் எக்ஸாஸ்ட் பக்கம் இருக்கிறது. ஜிஇ-யின் இன்னும் பெரிய ரகமான 9இ-யின் நடுப் பேரிங் கம்ப்ரஸர் வெளியேற்றும் 350 டிகிரி அளவிலான காற்று சூழ்ந்த கூட்டுக்குள் இருக்கிறது. அங்கே கசிந்த எண்ணெய் கரியாகும், வெப்பக் காப்பு லேகிங்கில் ஊறினால் தானாகவே தீப்பிடிக்கும். வெற்றிடம் அளவுக்கு மீறினாலும் கேடு. சீல் வழியாகச் சூடான காற்றும் தூசியும் உள்ளே இழுக்கப்பட்டு எண்ணெய் சீக்கிரம் கெடும். 'வெற்றிடம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது' என்று ஊதியின் டேம்பரை முழுக்கத் திறந்து வைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அதைக் கைவிடுவதே நல்லது.

வார்னிஷ்: கண்ணுக்குத் தெரியாத பசை

பேரிங்குகள் எத்தனையோ பொறுத்துக்கொள்ளும். சர்வோ வால்வு பொறுக்காது. அதன் உள்ளே நகரும் ஸ்பூலுக்கும் கூட்டுக்கும் இடையே ஒரு சில மைக்ரான்தான் இடைவெளி. எண்ணெய் கெட்டு உருவாகும் பசை முதலில் பிடித்து வைப்பது இதைத்தான். கட்டுப்பாட்டு அறையில் ஐஜிவி சொன்ன இடத்துக்கு வரவில்லை, எரிவாயு வால்வின் நிலை பொருந்தவில்லை என்று ட்ரிப் வரும். சர்வோவை மாற்றினால் சரியாகிவிடும், சில வாரத்தில் மறுபடி வரும். வால்வைக் குறை சொல்லி இரண்டு மூன்று முறை மாற்றிய பிறகுதான் பலருக்கு எண்ணெய் மேல் சந்தேகம் வருகிறது.

எண்ணெய் கெடுவது ஆக்ஸிஜனோடு சேர்ந்து. பத்து டிகிரி ஏறினால் அந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதைத் தடுக்க அமீன், ஃபீனால் வகை ஆன்டிஆக்ஸிடன்ட்கள் சேர்க்கப்படுகின்றன. அவை தம்மைத் தாமே பலிகொடுத்து எண்ணெயைக் காக்கும், தீர்ந்தபின் எண்ணெய் தனியாக நிற்கும். டேங்க் முழுவதும் 60 டிகிரியில் இருந்தாலும் சில நுண்ணிய இடங்களில் சூடு பயங்கரமாக ஏறும். எண்ணெயில் சிக்கிய காற்றுக் குமிழி பம்பின் அழுத்தத்தில் நசுங்கும்போது டீசல் என்ஜின் போலவே உள்ளுக்குள் சூடேறிச் சுற்றியுள்ள எண்ணெயைக் கருக்கும். இறுக்கமான ஃபில்டர் வழியாக வேகமாகப் போகும்போது நிலைமின்சாரம் சேர்ந்து பொறி தட்டுவதும் உண்டு. ஃபில்டரைத் திறந்தால் எலிமென்ட்டில் ஊசிமுனை அளவு கரும்புள்ளிகள் தெரிந்தால் அதுதான் காரணம்.

இன்றைய டர்பைன் எண்ணெய்களில் பெரும்பாலானவை கூடுதலாகச் சுத்திகரித்த குரூப் 2 வகை அடிப்படை எண்ணெயால் ஆனவை. பழைய குரூப் 1 எண்ணெயைவிட அவை அதிக ஆயுள் தரும், ஆனால் கெட்டுப்போன பொருளைக் கரைத்து வைத்துக்கொள்ளும் திறன் அவற்றுக்குக் குறைவு. சூடாக இருக்கும்வரை கரைந்திருக்கும் அந்தப் பொருள், எண்ணெய் குளிர்ந்ததும் வெளியே வந்து உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஆண்டு முழுவதும் ஓடும் பேஸ் லோட் மெஷினைவிட, மாலை உச்ச நேரத்துக்கு மட்டும் கிளம்பி மறுபடி நிற்கும் மெஷினில் வார்னிஷ் தொல்லை முன்னதாகத் தெரியும். சென்னை பேசின் பிரிட்ஜில் உள்ள நான்கு 30 மெகாவாட் யூனிட்களைப் போல உச்ச நேரத் தேவைக்கென்று வைத்திருக்கும் நிலையங்கள் ஓடிய மணிக்கணக்கை மட்டும் வைத்து எண்ணெயின் வயதைக் கணக்கிட்டால் ஏமாந்துபோகும்.

பரிசோதனையில் எதைப் பார்ப்பது? நிறத்தை நம்ப முடியாது. பிசுக்கு கடைசிவரை மாறாமலே இருக்கும், மாறினால் யாரோ வேறு எண்ணெயை ஊற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எம்பிசி என்ற சோதனையில் எண்ணெயை ஒரு நுண்வடிகட்டித் தாளில் ஊற்றி, படியும் கறையின் நிற ஆழத்தை எண்ணாக அளக்கிறார்கள். 15-க்குள் இருந்தால் கவலை இல்லை, 30-ஐத் தாண்டினால் நடவடிக்கை, 40-க்கு மேல் ஆபத்து என்பது நடைமுறை அளவுகோல். மீதமுள்ள ஆன்டிஆக்ஸிடன்டைச் சொல்வது ஆர்பிவிஓடி, நிமிடக் கணக்கில் வரும். புது எண்ணெயின் அளவில் 25 சதவீதத்துக்கு இறங்கினால் எண்ணெயை மாற்றத் தயாராக வேண்டும். ஆகவே புது எண்ணெய் நிரப்பிய அன்றே ஒரு சாம்பிள் எடுத்து அதன் அளவைக் குறித்துவைக்காதவர்களிடம் ஒப்பிட எதுவும் இருக்காது. அமில எண் புது எண்ணெயைவிட 0.3 முதல் 0.4 வரை கூடினால் எச்சரிக்கை. நீர் 500 பிபிஎம்-க்குள் இருக்க வேண்டும், அதற்கு முன்பே எண்ணெய் கலங்கித் தெரியும்.

துகள் கணக்குக்கு ஐஎஸ்ஓ 4406 எண்கள். 16/14/11 என்றால் ஒரு மில்லிலிட்டரில் 4 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் 320 முதல் 640, 6 மைக்ரானுக்கு மேல் 80 முதல் 160, 14 மைக்ரானுக்கு மேல் 10 முதல் 20 வரை. ஒரு எண் கூடினால் துகள் எண்ணிக்கை இரட்டிப்பு என்று நினைவில் வைத்தால் போதும். ஆனால் இந்த எண் வார்னிஷைக் காட்டாது. வார்னிஷ் துகள் ஒரு மைக்ரானுக்கும் கீழே. துகள் அறிக்கை சுத்தம் என்று சொல்ல, சர்வோ ஒட்டிக்கொண்டு நிற்கும் புதிர் இதனால்தான்.

சாம்பிளை டேங்க் அடி வால்வில் எடுத்தால் வருவது அடியில் தங்கிய அழுக்கு. மெஷின் சூடேறிச் சீராக ஓடும்போது, ஃபில்டருக்கு முந்தைய குழாயில், வால்வைத் திறந்து ஒன்றிரண்டு லிட்டரை வேறு பாத்திரத்தில் விட்டுவிட்டுப் பிறகு சுத்தமான பாட்டிலில் பிடிக்க வேண்டும். வார்னிஷ் இருப்பது உறுதியானால் வழக்கமான ஃபில்டரால் பயனில்லை. ரெசின் நிரப்பிய வடிகட்டியையோ நிலைமின்சார வடிகட்டியையோ டேங்கோடு இணைத்து வாரக்கணக்கில் பக்கவழியில் ஓட்டினால், எண்ணெய் சுத்தமாகி, அது ஒட்டியிருக்கும் வார்னிஷைத் தானே மெல்லக் கரைத்து எடுத்துக்கொள்ளும்.

எல்எம்2500, எல்எம்6000 போல விமான என்ஜினிலிருந்து வந்த மெஷின்களுக்கு இந்தக் கணக்குகள் பொருந்தாது. அவற்றில் உருளை, பந்து பேரிங்குகள், எம்ஐஎல் 23699 வகைச் செயற்கை எண்ணெய், சில நூறு லிட்டர் டேங்க், எண்ணெயை உறிஞ்சித் திருப்பும் ஸ்கேவெஞ்ச் பம்ப், உலோகத்தூள் பிடிக்கும் காந்த டிடெக்டர் என்று வேறு உலகம். அதே யூனிட்டின் ஜெனரேட்டர் மட்டும் சாதாரண மினரல் எண்ணெயில் ஓடும். இரண்டையும் மாற்றி ஊற்றிவிடாமல் இருக்க டாப்-அப் டிரம்களையே வேறு அறையில் வைக்கும் நிலையங்கள் உண்டு, செய்ய வேண்டிய காரியம்தான்.

மூன்று பம்புகளும் கடைசி நிமிடங்களும்

6பி-யில் பிரதான பம்ப், துணைக் கருவிகளை ஓட்டும் ஆக்ஸஸரி கியரில் தண்டோடு சேர்ந்தே சுழல்கிறது. தண்டு முழு வேகத்தில் இருக்கும்வரை மின்சாரமே இல்லாவிட்டாலும் எண்ணெய் வரும். வேகம் குறைந்தால் இதன் அளவும் குறையும். ஆகவே கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஏசி மோட்டாரில் ஓடும் துணைப் பம்ப் வேண்டும், ஜிஇ குறியீட்டில் 88 கியூஏ. தண்டு முழு வேகத்தை நெருங்கியதும் இது நிற்கும், வேகம் அந்த அளவுக்குக் கீழே இறங்கினால் அழுத்தம் விழக் காத்திராமல் தானே கிளம்பும். எஃப் வகுப்பு பெரிய மெஷின்களில் தண்டுப் பம்பே கிடையாது. இரண்டு ஏசி பம்ப், ஒரு டிசி பம்ப்.

ஏசி போய்விட்டால் மிச்சம் 88 கியூஇ, 125 வோல்ட் பேட்டரியில் ஓடும் அவசரப் பம்ப். இதன் அளவு சிறியது, மெஷினை ஓட்ட உதவாது, நிறுத்த மட்டும் உதவும். பல வடிவமைப்புகளில் இதன் எண்ணெய் கூலரையும் ஃபில்டரையும் சுற்றிக்கொண்டு நேராக ஹெடருக்குப் போகும். அடைத்த ஃபில்டர் ஒன்று கடைசி நம்பிக்கையையும் தடுத்துவிடக்கூடாது என்ற எண்ணம்தான் காரணம். இதன் மோட்டாருக்கு ஓவர்லோட் ட்ரிப் வைப்பதில்லை, அலாரம் மட்டும். மோட்டார் எரிந்தால் எரியட்டும், பேரிங் பிழைக்கட்டும் என்பது கணக்கு. புதிதாக வந்த எலெக்ட்ரிகல் ஆள் 'பாதுகாப்புக்காக' ஒரு தெர்மல் ரிலேயைச் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய இடம் இது.

ஹெடர் அழுத்தம் 0.55 பார் அளவுக்கு விழுந்தால் மெஷின் ட்ரிப். ஒரு ஸ்விட்ச் பொய் சொல்லி மெஷினை நிறுத்திவிடாதபடி இரண்டு ஸ்விட்ச் ஒத்துப்போக வேண்டும், புதிய அமைப்புகளில் மூன்றில் இரண்டு அழுத்த டிரான்ஸ்மிட்டர் சொல்ல வேண்டும். அவசரப் பம்பைக் கிளப்பும் ஸ்விட்ச் இவற்றிலிருந்து தனி.

இந்தச் சங்கிலி அறுவது பெரும்பாலும் மோட்டாரில் அல்ல. நின்றிருக்கும் பம்பின் செக் வால்வு முழுதாக மூடாமல் இருந்தால், ஓடும் பம்பின் எண்ணெய் அதன் வழியே டேங்குக்குத் திரும்பி அந்தப் பம்பைப் பின்பக்கமாகச் சுழற்றிக்கொண்டிருக்கும். நாள்கணக்கில் அழுத்தம் கொஞ்சம் குறைவாகத் தெரிவதுதான் ஒரே அறிகுறி. அவசரத்தில் அந்தப் பம்பைக் கிளப்பினால் எதிர்த்திசையில் சுற்றும் மோட்டார் மிகையான மின்னோட்டம் இழுக்கும். பேட்டரி பக்கமோ, சார்ஜர் தரும் மிதவை வோல்டேஜ் 125-க்கு மேலேயே காட்டிக்கொண்டிருக்கும். சார்ஜர் போனதும் பழைய செல்கள் ஒரு நிமிடத்தில் சரிந்துவிடும்.

2021 மே 25 அன்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கலைட் நிலையத்தின் சி4 யூனிட்டில் நடந்தது இந்தச் சங்கிலியின் மிகக் கொடிய வடிவம். அது நிலக்கரியில் ஓடும் ஸ்டீம் டர்பைன் என்றாலும் பாதிக்கப்பட்ட பேரிங்குகள் இதே இனம். புதிய பேட்டரி சார்ஜரை இணைக்கும் பணியின்போது யூனிட்டின் டிசி வோல்டேஜ் சரிந்தது, தொடர்ந்து ஏசியும் போனது. லூப் பம்புகளும் பாதுகாப்பு ரிலேக்களும் ஒருசேரச் செயலிழந்தன. ஜெனரேட்டரைக் கிரிட்டிலிருந்து பிரிக்க வழியில்லாமல், அது மோட்டாராக மாறி எண்ணெய் இல்லாமலே அரை மணி நேரத்துக்கும் மேல் சுற்றியது. கடைசியில் தண்டு பல துண்டுகளாக உடைந்தது. இரண்டு சப்ளைகள் ஒரே நேரத்தில் போகாது என்று எல்லாரும் நம்பியிருந்த இடத்தில், இரண்டும் ஒரே வேலையால் போயின.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பார்ப்பது மோட்டார் சுற்றுகிறதா என்று மட்டும் சொல்லும். சரியான சோதனையில் அழுத்த ஸ்விட்ச்சுக்கு எண்ணெய் வரும் வழியில் உள்ள வேர் வால்வை மூடி, அதன் பிளீட் வால்வை மெல்லத் திறந்து, ஸ்விட்ச் உணரும் அழுத்தத்தைக் கேஜ் பார்த்துக்கொண்டே இறக்க வேண்டும். பம்ப் எந்த அழுத்தத்தில் தானாகக் கிளம்புகிறது, எத்தனை நொடியில் தன் அழுத்தத்தைக் கட்டுகிறது, மின்னோட்டம் எவ்வளவு, பேட்டரி வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று நான்கையும் எழுதிவைக்க வேண்டும். முடிந்ததும் வேர் வால்வைத் திறக்க மறந்தால் அந்த ஸ்விட்ச் இனி எதையும் பார்க்காது, ஆகவே இதற்கு இரண்டாவது ஆளின் கையெழுத்து கேட்கும் நிலையங்கள் புத்திசாலித்தனமானவை. மெஷின் நின்றிருக்கும்போதோ கிளம்பும் முன்போ செய்ய வேண்டிய சோதனை இது.

தண்டு நின்ற பிறகும் வேலை முடிவதில்லை. டர்பைன் சக்கரங்களில் இருக்கும் சூடு தண்டு வழியே ஊர்ந்து பேரிங்குக்கு வரும். எண்ணெய் அப்போது மசகாக அல்ல, குளிர்விப்பானாக ஓடுகிறது. அதோடு தண்டு ஒரே நிலையில் நின்றால் மேல்பக்கம் சூடாகவும் அடிப்பக்கம் குளிர்ந்தும் வளைந்துவிடும். 6பி-யில் ராட்செட் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை தண்டை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சுற்று நகர்த்தும், குறைந்தது ஒரு நாள் முழுக்க. ஏசி திரும்பி வராவிட்டால், சில கட்டுப்பாட்டு அமைப்புகள் பேட்டரியை மிச்சம்பிடிக்க ராட்செட் அசையும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் டிசி பம்பை ஓட்டும்.

பம்புகள் நின்றதும் குழாய்களிலும் பேரிங்குகளிலும் இருந்த எண்ணெயெல்லாம் டேங்குக்கு வடிந்து மட்டம் உயரும். எவ்வளவு உயரும் என்பது ஒவ்வொரு மெஷினுக்கும் மாறாத அளவு, சைட் கேஜில் பெயின்ட் குறி போட்டு வைக்கலாம். ஓடும்போது கூலரில் எண்ணெய் அழுத்தம் நீரைவிட அதிகமாக இருந்தால், குழாயில் சிறு ஓட்டை விழுந்தாலும் எண்ணெய்தான் நீர்ப்பக்கம் போகும். மெஷின் நின்றதும் எண்ணெய் அழுத்தம் பூஜ்யம், ஆனால் கூலிங் வாட்டர் பம்பை யாரும் நிறுத்தியிருக்க மாட்டார்கள். அப்போது நீர் உள்ளே வரத் தொடங்கும். மறுநாள் காலையில் மட்டம் அந்தப் பெயின்ட் குறிக்கு மேலே இருந்தால் கூலரின் நீர் வால்வை மூடிவிட்டு, ஒரு கண்ணாடிப் பாட்டிலோடு டேங்கின் அடி டிரெயினுக்குப் போக வேண்டும்.